லாரிக்கு மேனுவல் கியரா, ஏஎம்டியா: தேர்ந்தெடுப்பதும் ஓட்டுவதும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் புதிய கனரக வண்டி எடுக்க நினைப்பவர்கள், எத்தனை டயர், எத்தனை குதிரைத்திறன் என்று பார்ப்பதோடு இப்போது இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது: கிளட்ச் பெடல் உள்ள வண்டியா, இல்லாத வண்டியா என்பது. டாடா, அசோக் லேலண்ட், பாரத்பென்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சில கனரக மாடல்களை ஏஎம்டி எனப்படும் தானியங்கிக் கியர் மாற்றத்துடன் விற்கின்றன. வால்வோ 2001-இல் ஐ-ஷிப்ட் என்ற பெயரில் கொண்டுவந்த 12 கியர் பெட்டி, இந்தியச் சுரங்கங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் பழகிப்போன ஒன்றுதான். ஐரோப்பாவில் நெடுந்தூரச் சரக்கு வண்டிகளில் மேனுவல் கியர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அங்கே நடந்ததால் இங்கேயும் அதுவே சரி என்று முடிவு கட்டுவது தவறு. ‘நம்ம டிரைவருக்கு அதெல்லாம் ஒத்து வராது’ என்று பார்க்காமலேயே ஒதுக்குவதும் தவறு. எந்த வேலைக்கு எது பொருந்தும், ஏஎம்டியை எடுத்தால் அதை எப்படி ஓட்ட வேண்டும், எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதை உரிமையாளரும் ஓட்டுநரும் சேர்ந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பது

லாரியின் ஏஎம்டியை, கார்களில் வரும் முழுத் தானியங்கிக் கியரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நகரப் பேருந்துகளிலும் தீயணைப்பு வண்டிகளிலும் பயன்படும் அலிசன் வகைப் பெட்டியில், கிளட்ச் பிளேட் இருக்கும் இடத்தில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். சரக்கு லாரியின் ஏஎம்டியில் அது கிடையாது. மேனுவல் வண்டியில் உள்ள அதே உலர் கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட், அதே மாதிரியான பல்சக்கரங்கள்தான் இதிலும் உள்ளன. ஓட்டுநரின் இடது காலும் இடது கையும் செய்துவந்த வேலையை, பெரும்பாலும் காற்றழுத்தத்தால் இயங்கும் சிலிண்டர்கள் செய்கின்றன. எப்போது செய்வது என்பதை, என்ஜின் வேகம், சக்கர வேகம், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கப்பட்ட அளவு, வண்டியின் எடை, சாலையின் சாய்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. முதலாவது, மேனுவலில் கிளட்ச் எரிவதைப் போலவே ஏஎம்டியிலும் எரியும். இரண்டாவது, ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் சக்கரங்களுக்குப் போகும் இழுவிசை ஒரு கணம் துண்டிக்கப்படும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் ஏஎம்டியில் தடுமாறுவதற்கும், மேனுவலை நன்றாக ஓட்டியவர்கள் விரைவில் ஏஎம்டிக்குப் பழகிவிடுவதற்கும் இவையே காரணம்.

எந்த வேலைக்கு எது

நான்குவழிச் சாலையில் நீண்ட தூரம் ஓடும் டிரெய்லர்களுக்கும், நகர நெரிசலில் அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிகளுக்கும் ஏஎம்டி பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2018-இல் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்ட பிறகு 6 அச்சு டிராக்டர்-டிரெய்லருக்கு 55 டன் வரை மொத்த எடை அனுமதிக்கப்படுகிறது. அந்த எடையை இழுத்துக்கொண்டு நாள் முழுவதும் கியர் மாற்றுகிற ஓட்டுநர் மாலைக்குள் களைத்துப்போகிறார். களைத்த ஓட்டுநர் கியரைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்காமல் என்ஜினைத் திணறவிடுவார். டீசல் கணக்கில் அந்தக் களைப்பும் சேர்ந்தே வருகிறது.

நாமக்கல்லில் இருந்து அதிகம் ஓடும் எல்பிஜி டேங்கர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். திரவம் முழுவதும் நிரம்பாத தொட்டியில், கியர் மாற்றத்தின்போது இழுவிசை அறுந்து மீண்டும் சேரும் ஒவ்வொரு தடவையும் சரக்கு முன்னும் பின்னும் அலைந்து வண்டியைத் தள்ளும். நல்ல மேனுவல் ஓட்டுநர் அந்த அலைக்கு ஏற்ப மெதுவாகக் கிளட்சை விடுவார். ஏஎம்டியில் அந்த மென்மை கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருளைப் பொறுத்தது. ஆகவே டேங்கருக்கு ஏஎம்டி எடுப்பவர்கள், வெற்று வண்டியில் அல்லாமல் பாதி நிரம்பிய வண்டியில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்வது நல்லது.

திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிகளின் நிலை வேறு. உழுத காட்டுக்குள் இறங்கி, வரப்பேறி, விரற்கடை விரற்கடையாக நகர்ந்து நிற்க வேண்டிய அந்த வண்டிகளுக்கு, சேற்றில் சிக்கினால் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கக் கிளட்ச் பெடல் காலடியில் இருப்பது பெரிய வசதி. சில ஏஎம்டிகளில் இதற்கெனத் தனி ஓட்டமுறையும் ஊர்ந்து செல்லும் கியர்களும் உண்டு. அவை இல்லாத சாதாரண நெடுஞ்சாலை ஏஎம்டியை ரிக்குக்கோ ஆற்று மணல் தரையில் வேலை செய்யும் டிப்பருக்கோ எடுக்க வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, விற்பனையாளர் சொல்லும் மைலேஜ் உயர்வை நம்பிக் கணக்குப் போடாமல், உங்கள் சொந்த வண்டிகளின் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரே மாடல், ஒரே தடம், ஒரே எடை என்று ஓடும் வண்டிகளில் மிகச் சிறந்த ஓட்டுநரின் மைலேஜுக்கும் மிகக் குறைந்தவரின் மைலேஜுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே முக்கியம். ஏஎம்டி, சிறந்த ஓட்டுநரை அதிகம் உயர்த்துவதில்லை; சுமாரான ஓட்டுநரைச் சிறந்தவருக்கு அருகில் கொண்டுவருகிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 2,500 லிட்டர் டீசல் செலவாகும். அதில் 3 விழுக்காடு மிச்சமானால் 75 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,900 ரூபாய். ஏஎம்டிக்காகக் கூடுதலாகக் கட்டும் தொகையை இந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மாதத்தில் அது திரும்பும் என்பது தெரியும். கிளட்ச் செட் மாற்றும் செலவில் மிச்சமாவதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஓட்டுநர்கள் எல்லோருமே தேர்ந்தவர்களாக இருந்தால் அந்த 3 விழுக்காடு கிடைக்காமலும் போகலாம். அப்போது மேனுவலே போதும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேனுவல் பெட்டியை வழியில் எந்த ஊர்ப் பட்டறையிலும் இறக்கிப் பார்ப்பார்கள். ஏஎம்டியில் கோளாறு என்றால் கணினியைச் செருகிப் பார்க்கும் வசதி உள்ள சர்வீஸ் மையம் வேண்டும். உங்கள் தடத்தில் அப்படிப்பட்ட மையங்கள் எங்கெங்கே உள்ளன என்பதை, வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மேனுவலை நல்லபடியாக ஓட்டுவது

மேனுவலைத் தொடர்ந்து வைத்திருக்க முடிவு செய்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில சொற்கள். டாக்கோமீட்டரில் உள்ள பச்சைப் பட்டைக்குள் என்ஜின் வேகத்தை வைத்திருப்பதே அடிப்படை. வெற்று வண்டியில் எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டியதில்லை; ஒன்று விட்டு ஒன்று போடலாம். ஹை-லோ சுவிட்ச் உள்ள 9 கியர் பெட்டிகளில், கியரை நியூட்ரலுக்கு எடுப்பதற்கு முன்பே சுவிட்சைத் தட்டிவைத்து, பிறகு நெம்புகோலை நகர்த்த வேண்டும். வண்டி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஹையிலிருந்து லோவுக்குத் தட்டினால் ஹை-லோ மாற்றும் ரேஞ்ச் பகுதியின் சிங்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கும் உறுப்பு) தேய்ந்து போகும். சிங்க்ரோ இல்லாத பெட்டியில் கியரைக் குறைக்கும்போது இரட்டைக் கிளட்ச் முறை தேவை: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரால் என்ஜின் வேகத்தை உயர்த்தி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். ஓடும்போது இடது காலைக் கிளட்ச் பெடல் மேல் ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் ரிலீஸ் பேரிங்கையும் பிளேட்டையும் சேர்த்தே தின்றுவிடும்.

வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு: அமெரிக்காவில் கனரக உரிமத்துக்கான தேர்வை ஏஎம்டி வண்டியில் எழுதினால், மேனுவல் வண்டி ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக் குறியீடு உரிமத்தில் ஏறிவிடும். இரண்டையும் கற்றிருப்பதில் நட்டமில்லை.

ஏஎம்டியில் கிளம்புவதும் நெரிசலில் நகர்வதும்

காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் கியரைப் போட முயல வேண்டாம். கியரையும் கிளட்சையும் நகர்த்துவது காற்று என்பதால், டேங்கில் போதிய அழுத்தம் ஏறும்வரை பெட்டி கியரை ஏற்காது. எச்சரிக்கை ஒலி நின்று, காற்றழுத்த முள் வேண்டிய அளவுக்கு வந்த பிறகு, பிரேக்கை மிதித்தபடி டி (D) எனும் ஓட்ட நிலைக்கு மாற்றி, காட்சித் திரையில் கியர் எண் தெரிந்த பிறகு பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். எந்தக் கியரில் கிளம்புவது என்பதை வண்டியே தேர்ந்தெடுக்கும். முழு லோடில், மேட்டில் நிற்கும்போது அது தேர்ந்தெடுத்த கியர் அதிகம் என்று தோன்றினால், கையால் ஒரு கியர் குறைத்துவிட்டுக் கிளம்புவதே கிளட்சுக்கு நல்லது.

மேட்டில் நின்று கிளம்பும்போதுதான் அதிகமான ஏஎம்டி கிளட்சுகள் எரிகின்றன. சிக்னலில் பிரேக்கை விட்டுவிட்டு, வண்டி பின்னோக்கி உருளாதபடி ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து நிறுத்திவைத்திருந்தால், அந்த நேரம் முழுவதும் பிளேட் உராய்ந்துகொண்டே இருக்கிறது. மேனுவலில் ‘ஆஃப் கிளட்ச்’ போட்டு நிற்பது எதுவோ அதுவேதான் இதுவும்; காலுக்குத் தெரியாமல் நடக்கிறது என்பதே வேறுபாடு. நிற்க வேண்டுமென்றால் பிரேக்கில்தான் நிற்க வேண்டும். மேட்டில் வண்டியைப் பிடித்துவைக்கும் ஹில் ஸ்டார்ட் வசதி இருந்தால் அதை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு அது ஓரிரு வினாடிகளே பிடித்திருக்கும். அதற்குள் தயங்காமல், உறுதியாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். பயந்து பயந்து மிதிப்பவர்களின் கிளட்சே முதலில் போகிறது.

சுங்கச்சாவடி வரிசையிலும் நகர நெரிசலிலும், முன்னால் உள்ள வண்டி ஒரு முழம் நகர்ந்தால் நாமும் ஒரு முழம் நகர்வது என்ற வழக்கத்தை விட வேண்டும். நான்கைந்து மீட்டர் இடைவெளி விழும்வரை பொறுத்திருந்து, பிறகு கிளட்ச் முழுவதும் பிடிக்கும் அளவுக்கு ஒரே மூச்சில் நகர்ந்து நிற்க வேண்டும். இடைவெளியில் ஆட்டோ நுழைந்துவிடும் என்பது உண்மைதான். ஒரு கிளட்ச் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் நுழைந்துவிட்டுப் போகட்டும். திரையில் கிளட்ச் சூடு என்ற எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டுச் சிறிது நேரம் ஆறவிட வேண்டும்.

ஏற்றம்

ஏஎம்டிக்குக் கண் கிடையாது. சில உயர்ரக வண்டிகள் செயற்கைக்கோள் வரைபடத்தை வைத்து முன்னால் வரும் மேட்டை அறிந்துகொள்ளும்; மற்றவை மேடு வந்து, என்ஜின் வேகம் குறையத் தொடங்கிய பிறகுதான் கியரைக் குறைக்கும். முழு லோடில் செங்குத்தான ஏற்றத்தின் நடுவே கியர் மாறினால், இழுவிசை அறுந்த அந்தக் கணத்திலேயே வேகம் மேலும் விழுந்து, போட்ட கியரும் போதாமல் இன்னொரு முறை குறைக்க நேரும். சத்தியமங்கலத்தில் இருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டிகளில் இதைத் தெளிவாகக் காணலாம்: வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாறும் வண்டி வளைவின் நடுவே மூச்சுத் திணறி நின்றுவிடும்.

இதைத் தவிர்க்க, வளைவுக்கோ மேட்டுக்கோ முன்பாக, சமமான தரையிலேயே கையால் இயக்கும் நிலைக்கு மாற்றி, ஏற்றத்துக்கு வேண்டிய கியரைப் போட்டு, அதைத் தாண்டும்வரை அதே கியரில் பிடித்துவைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தி அதற்கும் கீழே ஒரு தட்டுத் தட்டினால் கியர் தானாகக் குறையும் கிக்-டவுன் வசதி பல வண்டிகளில் உண்டு. அதுவும் ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே பயன்பட வேண்டியது. உச்சியைத் தாண்டிச் சமதரை வந்த பிறகு மறக்காமல் மீண்டும் தானியங்கி நிலைக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் டீசல் வீணாகும்.

இறக்கம்

மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் ஒரே விதி பொருந்துவதும், மீறினால் உயிரே போவதும் இறக்கத்தில்தான். 55 டன் வண்டி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். என்ஜின் அதில் பங்கெடுத்துக்கொள்ளாவிட்டால் அதில் பெரும்பகுதி பிரேக் டிரம்களில் சூடாகவே இறங்கும். சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிமானமும் குறைகிறது. பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இறங்கும் தொப்பூர் கணவாயில் நடந்த பல விபத்துகளுக்குப் பின்னால், டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இருக்கிறது. அந்த எண்ணமே இன்றைய என்ஜின்களுக்குப் பொருந்தாது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள காமன் ரெயில் என்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் டீசல் செலுத்துவது முற்றிலும் நின்றுவிடும். சக்கரங்களே என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் அணையாமல் இருக்க டீசலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கியரில் இறங்குபவருக்குச் செலவும் குறைவு, பிரேக்கும் மிஞ்சும். சில ஏஎம்டி வண்டிகள் மிதமான சரிவில் தாமாகவே கியரை விடுவித்து உருளும். பிரேக்கைத் தொட்டாலோ வேகம் கூடினாலோ அவை உடனே கியரைச் சேர்த்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, மலை இறக்கத்தில் ஓட்டுநர் தாமே நியூட்ரலுக்குத் தள்ளுவது பெரும் ஆபத்து.

இறங்கும் முறை இதுதான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதற்கு மேற்படாத கியரைப் போட்டு, கால் பிரேக்கின் துணையின்றி வேகத்தைப் பிடித்துவைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையோ என்ஜின் பிரேக்கையோ ரிடார்டரையோ இயக்கிவிட வேண்டும். என்ஜின் பிரேக்கின் ஆற்றல் என்ஜின் வேகம் கூடக் கூடவே அதிகரிக்கும் என்பதால், இறக்கத்தில் முள் பச்சைப் பட்டைக்கு மேலே, சிவப்புக்குக் கீழே நிற்பது சரியான நிலை. பல ஏஎம்டிகள் என்ஜின் பிரேக் நெம்புகோலை இழுத்தவுடன் தாமாகவே கியரைக் குறைத்து என்ஜின் வேகத்தை உயர்த்தும். ஆனால் வண்டி ஏற்கெனவே வேகமெடுத்துவிட்டால், என்ஜின் அளவுமீறிச் சுழலும் என்று கணக்கிட்டு அதே ஏஎம்டி கியரைக் குறைக்க மறுத்துவிடும். மேனுவலில் இதே நிலையில் கியரைக் குறைக்க முயல்பவர், மேல் கியரை எடுத்துவிட்டுக் கீழ் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வார். முதலில் கால் பிரேக்கை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, அதன் பிறகே கியரைக் குறைக்க வேண்டும்.

கால் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது. பாதுகாப்பான வேகம் 30 என்று வைத்துக்கொண்டால், 30-ஐத் தொட்டதும் உறுதியாக மிதித்து 22 அளவுக்குக் கொண்டுவந்து முழுவதும் விட்டுவிட வேண்டும். மறுபடியும் 30 வந்தால் மறுபடியும் அதேபோல. மழையில் வெற்று வண்டியோடு இறங்கும்போது மட்டும் என்ஜின் பிரேக்கை முழு அளவில் வைக்காமல் குறைத்து வையுங்கள், ஏனெனில் இழுக்கும் சக்கரங்கள் மட்டும் பூட்டி வழுக்க வாய்ப்புண்டு.

பராமரிப்பு, பாடி கட்டுதல், இழுத்துச் செல்லுதல்

ஏஎம்டி பெட்டிக்கு முதல் எதிரி காற்றில் உள்ள ஈரம். ஏர் டிரையரின் கேட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், ஈரமும் எண்ணெய்ப் பசையும் கியர் நகர்த்தும் வால்வுகளுக்குள் போய்ச் சேரும். அடுத்தது பேட்டரி. மேனுவல் வண்டியில் பேட்டரி பலவீனமானால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஏஎம்டியில் அது நடக்காது, மின்னழுத்தம் குறைந்தால் கியர் மாற்றமே தடுமாறும். கிளட்ச் செட் மாற்றிய பிறகு, புதிய பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கணினி மூலம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் வண்டியை அனுப்பும் பட்டறையில் கிளட்ச் மாற்றவே கூடாது. கியர் ஆயிலும் நிறுவனம் குறிப்பிட்ட தரத்தில்தான் ஊற்ற வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு மிகவும் தேவையான எச்சரிக்கை ஒன்று உண்டு. சேஸிஸாக வரும் வண்டிக்கு இங்கே பாடி கட்டும்போது வண்டியின் இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வைப்பார்கள். அதற்கு முன் பேட்டரி இணைப்புகளைக் கழற்றி, என்ஜின், கியர் பெட்டி ஆகியவற்றின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் சாக்கெட்டுகளையும் பிரித்துவிட வேண்டும். வெல்டிங்கின் எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். இதைப் பாடி கட்டும் மேஸ்திரியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகாமல், வேலை தொடங்கும்போது கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் நின்றுபோன வண்டியை இழுத்துச் செல்லும்போது, மேனுவலோ ஏஎம்டியோ, கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிவிட்டே இழுக்க வேண்டும். பெட்டியில் எண்ணெயைச் சுற்றவைப்பது என்ஜின் பக்கச் சுழற்சி. என்ஜின் ஓடாமல் சக்கரங்கள் மட்டும் பெட்டியைச் சுழற்றினால் எண்ணெய் போய்ச் சேராத பேரிங்குகள் சில கிலோமீட்டரிலேயே கருகிவிடும்.

பழைய ஏஎம்டி வண்டி வாங்குபவர்கள், லோடோடு ஒரு மேட்டில் நிறுத்திக் கிளம்பிப் பார்க்க வேண்டும். வண்டி அதிர்ந்தாலோ, என்ஜின் வேகம் ஏறியும் வண்டி நகரத் தாமதித்தாலோ கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பிறகு சர்வீஸ் மையத்தில் கணினியைச் செருகிப் பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீடுகளையும், கிடைத்தால் கிளட்ச் தேய்மான அளவையும் வாங்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால், புதிய கிளட்ச் செட்டின் விலையைக் கழித்துக்கொண்டே கேளுங்கள்.